டவலை எறிவது யார்?

இங்கிலீஷ் கேள்வி பதில்

(பதில் தருபவர் லிங்கிச் செட்டித் தெருவில், துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் கடிதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ராயபுரத்தில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறார்.)

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். இலக்கணத்தில் தகராறு இல்லை. ஆங்கில மரபுத்தொடர்கள் ஆயிரம் கொண்ட புத்தகத்தை வாங்கி வரிசையாக மனப்பாடம் செய்து வருகிறேன். ஆனால் ஆபீசில் ஒன்றை எடுத்துவிட்டால் எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி சிரிக்கிறார். தப்பாகச் சொல்லவில்லை என்று உறுதியாகத் தெரியும். பிறகு ஏன் சிரிக்கிறார்கள்?
- வாசகி, புது வண்ணாரப்பேட்டை

எதைச் சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மழை பெய்த அன்றைக்கு 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று சொல்லியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டத் தயார். நம் பள்ளிக்கூடங்களில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தானே! ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட ஒரு நூலில் இந்தத் தொடர் வருகிறது. பெரிய மனிதர்கள் விருந்துகளில் பேசும் சலித்துப்போன பேச்சைக் கிண்டல் செய்வதற்கென்றே அவர் எழுதிய நூல் அது. அன்றைக்கே கேலிக்கு ஆளானதை நாம் இன்னும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். இன்றைக்கு லண்டன்காரர் கொட்டுகிற மழையைப் பார்த்தால் 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' என்பார், அல்லது 'வாட் எ டே' என்று முகத்தைச் சுளிப்பார்.

உங்கள் புத்தகம் ஒவ்வொரு தொடருக்கும் அர்த்தத்தைத் தருகிறது. அதன் வயதைச் சொல்வதில்லை. யார் வாயில் வரும், யாரிடம் வரும், எந்த மனநிலையில் வரும் என்று சொல்வதில்லை. 'ஜகா வாங்கிட்டான்' என்றால் வண்ணாரப்பேட்டையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதற்காக பேங்க் மேனேஜருக்கு எழுதும் கடிதத்தில் 'ஜாமீன் போட வந்தவர் ஜகா வாங்கிவிட்டார்' என்று எழுதுவோமா? 'பின்வாங்கிவிட்டார்' என்றுதான் எழுதுவோம். இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்று காதால் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டோம். இங்கிலீஷில் அந்தக் கேட்பு இல்லாமல் அர்த்தம் மட்டும் கையில் கிடைக்கிறது.

அதனால் நோட்டுப் புத்தகத்தை மாற்றுங்கள். ஒரு தொடரைப் படித்தாலோ கேட்டாலோ, அர்த்தத்துக்குப் பக்கத்தில் யார் சொன்னார், யாரிடம் சொன்னார், கோபமா கிண்டலா ஆறுதலா என்று குறித்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ், லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவை மாணவர்களுக்காக நடத்தும் அகராதிகள் இணையத்தில் இலவசம். அவற்றில் தொடருக்குப் பக்கத்திலேயே 'இன்ஃபார்மல்', 'ஓல்டு ஃபேஷன்டு' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அர்த்தத்துக்கு முன்னால் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'ஓல்டு ஃபேஷன்டு' என்று இருந்தால் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எம்.ஏ. படித்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சில தொடர்கள் வளையும், சில வளையாது. 'ஸ்பில் த பீன்ஸ்', அதாவது ரகசியத்தைப் போட்டு உடைப்பது, கொஞ்சம் வளையும். 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று செயப்பாட்டு வினையில் சொன்னால் காதுக்கு உறுத்தாது. 'கிக் த பக்கெட்', அதாவது செத்துப்போவது, அப்படி இல்லை. 'த பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ நிஜமாகவே வாளியை உதைத்தார்கள் என்றுதான் ஆகும். பீன்ஸ் என்றால் ரகசியம், ஸ்பில் என்றால் வெளியே விடுவது என்று முதலாவதைப் பிரித்துப் பொருள் கொள்ள முடிகிறது. இரண்டாவதை அப்படிப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததை நகர்த்தவும் முடியாது. 'எ', 'த' என்ற சின்னச் சொல்லைக்கூட மாற்றாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இங்கே சறுக்குகிறார்கள். இலக்கணம் கையில் இருக்கிற தைரியத்தில் இஷ்டத்துக்கு மாற்றிப் பார்ப்பார்கள்.

ஆயிரம் தொடர்களும் தெரிந்திருக்கட்டும், நல்லதுதான். வாயில் எடுப்பதற்கு முப்பது போதும்.

கேள்வி: நான் பாக்ஸிங் பழகுகிறேன். காலேஜ் இரண்டாம் ஆண்டு. ஆங்கிலப் பேப்பரில் அரசியல் பக்கத்தைப் படித்தால் எங்கள் ரிங்கில் பேசுகிற வார்த்தைகளாக வருகின்றன. எவையெல்லாம் பாக்ஸிங்கில் இருந்து வந்தவை?
- வாசகர், வியாசர்பாடி

தம்பி, உங்கள் ஒருவருக்கே முழுப் பக்கத்தையும் கொடுத்துவிடலாம். 'ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று சுவர் போஸ்டர் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வகை இங்கிலீஷ் உடம்பிலேயே இருக்கிறது. வாத்தியார்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

கையுறை இல்லாத காலத்திலிருந்து வருவோம். அன்றைக்கு ரவுண்டுக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு கிடையாது. ஒருவன் கீழே விழுந்தால் ரவுண்டு முடிந்தது. 1838இல் லண்டனில் வகுத்த விதிப்படி, விழுந்தவனுக்கு 30 வினாடி ஓய்வு. அதன் பிறகு 8 வினாடிக்குள் யார் துணையும் இல்லாமல் தானே நடந்து நடுவில் கீறிய கோட்டுக்கு வந்து நிற்கவேண்டும். வரமுடியாதவன் தோற்றான். அந்தக் கோட்டுக்குப் பெயர் 'ஸ்க்ராட்ச்'. 'அப் டு ஸ்க்ராட்ச்' என்பது இதிலிருந்து வந்ததுதான். பெரும்பாலும் எதிர்மறையாகவே கேட்பீர்கள். 'த ரிப்போர்ட் இஸ் நாட் அப் டு ஸ்க்ராட்ச்' என்றால் எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை என்று அர்த்தம். சரக்கு இறக்கிய பிறகு அதைச் சோதித்துப் பார்க்கும் சர்வேயர்கள் எங்களுக்கு எழுதும் கடிதங்களில் இது அடிக்கடி வரும். திட்டுகிற மாதிரியும் இருக்காது, விட்டுக்கொடுக்கிற மாதிரியும் இருக்காது.

1867இல் குயின்ஸ்பெரி விதிகள் வந்தன. கையுறை, 3 நிமிட ரவுண்டு, 1 நிமிட ஓய்வு, விழுந்தால் எழுந்திருக்க 10 வினாடி என்று நீங்கள் இன்று ஆடுகிற ஆட்டத்தின் அஸ்திவாரம் இதுதான். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ரவுண்டு முடிந்து மணி அடித்தால் தப்பித்தான். அதுதான் 'சேவ்ட் பை த பெல்'. வாத்தியார் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்க வாயைத் திறக்கும்போது பீரியட் முடிந்தால் இதைச் சொல்லலாம். விபத்தில் உயிர் பிழைத்தவரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அதற்கு இது மிகவும் லேசான சொல்.

'த்ரோ இன் த டவல்' உங்களுக்குத் தெரியும். டவலை எறிவது குத்து வாங்குகிறவர் இல்லை, கார்னரில் நிற்கிற அவருடைய ஆள். பையன் 'இன்னும் ஆடுவேன்' என்று முறைத்துக்கொண்டிருப்பான், கோச் எறிந்துவிடுவார். ஆனால் பேச்சு ஆங்கிலத்தில் 'ஐ த்ரூ இன் த டவல்' என்றால் நானே விட்டுவிட்டேன் என்று பொருள். கார்னரில் நின்ற ஆள் பேச்சில் காணாமல் போய்விட்டார். 19ஆம் நூற்றாண்டில் டவலுக்குப் பதில் ஸ்பாஞ்சை எறிந்தார்கள். பழைய எழுத்துகளில் 'த்ரூ அப் த ஸ்பாஞ்ச்' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

'ரோல் வித் த பஞ்சஸ்' என்பதைப் படித்தவர்களே தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். திருப்பி அடிப்பது என்று நினைக்கிறார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குத்து வருகிற திசையிலேயே தலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதன் வேகத்தைக் குறைப்பீர்களே, அதுதான். கஷ்டம் வந்தால் முறுக்கிக்கொண்டு நிற்காமல் அதற்கேற்ப வளைந்துபோவது. 'டேக் இட் ஆன் த சின்' என்றால் வாங்கியதைப் புலம்பாமல் வாங்கிக்கொள்வது. 'புல் நோ பஞ்சஸ்' என்றால், ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையில் கூட்டாளிக்கு வலிக்கக் கூடாது என்று கையைக் கடைசி நொடியில் இழுத்துக்கொள்வீர்கள் அல்லவா, அப்படி இழுக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்வது. 'பீட் மீ டு இட்' என்பதையே 'பீட் மீ டு த பஞ்ச்' என்றும் சொல்வார்கள். நான் செய்ய நினைத்ததை நீ முந்திச் செய்துவிட்டாய் என்று சிரித்துக்கொண்டே சொல்வது.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. 'பஞ்சிங் அபோவ் ஹிஸ் வெயிட்' பாராட்டுதான். சின்ன நாடு பெரிய வேலை செய்தால் பேப்பரில் எழுதுவார்கள். ஆனால் எடைப்பிரிவுக் கணக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. கூட வேலை செய்கிறவரிடம் முகத்துக்கு நேரே சொன்னால், 'அப்படியானால் நான் எடை குறைந்த ஃப்ளைவெயிட்டா?' என்று அவர் நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

கேள்வி: 'சேவ்ட் பை த பெல்' என்பது, உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சவப்பெட்டிக்குள் மணிக்கயிறு கட்டிவைத்ததால் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?
- வாசகி, எருக்கஞ்சேரி

அப்படிப்பட்ட சவப்பெட்டிகளை வடிவமைத்தது உண்மை. தொடர் அங்கிருந்து வரவில்லை. குத்துச்சண்டை மணிதான் அதன் வீடு. மேலே வியாசர்பாடி தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இதே ரகத்தில் எங்கள் துறைமுகத் தெருக்களில் உலவிய கதை 'பாஷ்', அதாவது பணக்காரத்தனமான, பகட்டான என்று பொருள்படும் சொல், பற்றியது. இந்தியாவுக்குக் கப்பலில் வரும் பணக்கார வெள்ளைக்காரர்கள், வெயில் படாத அறைக்காகப் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் கேட்பார்களாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்ற அந்த நான்கு சொற்களின் முதல் எழுத்தை டிக்கெட்டில் முத்திரை குத்துவார்களாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்டைக்கூட இதுவரை யாரும் காட்டவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களும் ஏற்கவில்லை. முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒரு பழைய சொல்லுக்கு யாராவது கதை சொன்னால், நான் உடனே சந்தேகப்படுவேன்.

கேள்வி: எங்கள் வெளிநாட்டு மேலாளரின் அப்பா காலமாகிவிட்டார். வயது 90க்கு மேல். 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்று ஒரு தொடர் படித்தேன். இரங்கல் மெயிலில் எழுதலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

வேண்டாம். நிறைவாக வாழ்ந்து போனவரைப் பற்றி பிரிட்டனில் சொல்வது அது. அன்பான தொடர்தான். ஆனால் அதைச் சொல்கிற உரிமை வீட்டு மனிதர்களுடையது. சாவு வீட்டில் மகனே 'கல்யாணச் சாவுங்க' என்று சொல்லலாம். பந்தலில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் மனிதர் முதலில் சொன்னால் எப்படி இருக்கும்? அவர் அமெரிக்கராக இருந்தால் இன்னும் சிக்கல், இன்னிங்ஸ் என்ற கிரிக்கெட் கணக்கே அவருக்குப் புரியாது.

'ஐ அம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ்' என்று எழுதுங்கள். அவருடைய அப்பாவைப் பற்றி அவர் உங்களிடம் எப்போதாவது ஏதாவது சொல்லியிருந்தால் அதை ஒரு வரியில் நினைவுகூருங்கள். துக்கத்தில் அலங்காரம் வேண்டாம். 'கிக் த பக்கெட்' பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். நம் பக்கத்தில் 'டிக்கெட் வாங்கிட்டார்' என்பார்களே, அந்த ரகம்.

கேள்வி: எங்களுக்கு மீன்பிடித் தொழில். மகன் கப்பல் வேலைக்கான படிப்பில் சேர்ந்திருக்கிறான். 'இன் த ஆஃபிங்' என்று பாடத்தில் வந்ததாம், அகராதியில் 'விரைவில் வரவிருக்கும்' என்று போட்டிருக்கிறது. இதற்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டா? கப்பலில் போகிறவனுக்கு இதெல்லாம் தேவையா?
- வாசகி, காசிமேடு

உங்கள் வீட்டு வாசலிலேயே விடை இருக்கிறது, அம்மா. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு வரிசையாகக் கப்பல்கள் நிற்குமே, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் கரையை ஒட்டாத அந்தக் கடல் பகுதிதான் 'ஆஃபிங்'. அங்கே கப்பல் தெரிந்தால் சீக்கிரம் உள்ளே வரும் என்று பொருள். 'அன் எலெக்ஷன் இஸ் இன் த ஆஃபிங்' என்று பேப்பரில் எழுதுவது இதனால்தான். சீக்கிரம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பெர்த்', அதாவது கரையை ஒட்டி நிற்க இடம், கிடைக்காமல் நாள் கணக்கில் வெளியே நின்ற கப்பல்களுக்காகப் பார்ட்டிகளிடம் திட்டு வாங்கியவள் நான்.

அந்த 'பெர்த்'துக்கும் ஒரு தொடர் உண்டு. 'கிவ் ஹிம் எ வைட் பெர்த்' என்றால் அவரிடம் ஒட்டாமல் தள்ளியே இரு என்பது. நங்கூரம் போட்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சுற்றிச்சுற்றி ஆடும். அது ஆட இடம் விட்டுத்தான் மற்றவர்கள் போகவேண்டும். உங்கள் வீட்டு ஆண்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 'லேர்ன் த ரோப்ஸ்' என்பது பாய்மரக் கப்பலில் புதிதாகச் சேர்ந்தவன் எந்தக் கயிறு எதற்கு என்று பழகுவது. வேலையில் சேர்ந்த யாரும் இன்றைக்கும் தாராளமாகச் சொல்லலாம். 'ஆன் த ரோப்ஸ்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது குத்துச்சண்டைக் கயிறு. அடி தாங்காமல் சாய்ந்து நிற்பது. இரண்டும் கயிறுதான் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் 'ஐ அம் ஆன் த ரோப்ஸ்' என்று சொல்லிவைத்தால் மேலாளர் பதறிப்போவார்.

'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்று ஒன்று, தலைகால் தெரியாமல் குடித்திருப்பது. இதில் 'ஷீட்' என்பது பாய் இல்லை, பாயை இழுத்துக் கட்டுகிற கயிறு. மூன்று கயிறும் அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். கொஞ்சம் பழைய சொல், கிண்டலாகத்தான் வரும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இங்கிலீஷுக்கு இத்தனை தொடர்களை அள்ளிக்கொடுத்த கடலில், இன்றைக்கு ரேடியோவில் ஒன்றைக்கூட வாயில் எடுக்கக் கூடாது! கப்பலில் கிரேக்கர் இருப்பார், பிலிப்பைன்ஸ்காரர் இருப்பார், கொரியர் இருப்பார். தொடரைத் தப்பாகப் புரிந்துகொண்டால் கப்பல் மோதும். அதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் நிலையான தொடர்புச் சொற்றொடர்கள் என்று ஒரு தொகுப்பை ஏற்றது. கேட்கவில்லை என்றால் 'சே அகெய்ன்'. 150 டிகிரி என்பதை 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்று ஒவ்வொரு எண்ணாகச் சொல்லவேண்டும். 'மே', 'மைட்', 'குட்' போன்ற இரண்டுங்கெட்டான் சொற்களைத் தவிர்க்கவேண்டும். மகனை முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். 'ஆஃபிங்' எல்லாம் பேப்பர் படிக்கவும், வேலை முடிந்து மெஸ்ஸில் உட்கார்ந்து பேசவும் ஆகும்.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை. அமெரிக்க கிளையண்ட் கால் ஒன்றில் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்றார். நான் இரவெல்லாம் விழித்து அதற்கு நோட்ஸ் தயார் செய்தேன். மறுநாள் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்ன நடந்தது?
- வாசகி, பெரம்பூர்

அட பாவமே! பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டேபிள்' என்றால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது. நம் சட்டமன்றச் செய்திகளில் நாம் படிப்பதும் அதுதான். அமெரிக்காவில் நேர் எதிர், இப்போதைக்கு ஒதுக்கிவைப்பது. நீங்கள் மட்டும் மாட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கத் தரப்புகளுக்கு இடையே இந்த ஒரு சொல்லால் நீண்ட வாக்குவாதமே நடந்தது என்று சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார்.

'பன்ட்' என்பதும் அப்படித்தான். லண்டன்காரர் 'டேக் எ பன்ட்' என்றால் துணிந்து ஒரு பந்தயம் கட்டுவது. அமெரிக்கர் 'லெட்ஸ் பன்ட் ஆன் திஸ்' என்றால், இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம். அது அவர்கள் ஊர் ஃபுட்பாலில் வேறு வழியில்லாமல் பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவதிலிருந்து வந்தது. 'பால்பார்க் ஃபிகர்' (தோராயக் கணக்கு), 'டச் பேஸ்' (சும்மா ஒரு வார்த்தை பேசிக்கொள்வது), 'ரெய்ன் செக்' எல்லாம் பேஸ்பால் பக்கம். மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டுதான் 'ரெய்ன் செக்'. அழைப்பை மறுத்துவிட்டு 'ஐ வில் டேக் எ ரெய்ன் செக்' என்றால், இன்று முடியாது, இன்னொரு நாள் கூப்பிடுங்கள் என்று பொருள். பதிலுக்கு நீங்கள் இக்கட்டான நிலைக்கு 'ஸ்டிக்கி விக்கெட்' என்று சேப்பாக்கம் கிரிக்கெட் பாஷையை எடுத்துவிட்டால் அவர் முழிப்பார்.

போன் கால் நடுவில் ஒரு தொடர் புரியவில்லை என்றால், அர்த்தம் என்ன என்று கேட்டுக் கூச்சப்பட வேண்டியதில்லை. நீங்கள் புரிந்துகொண்டதை வெறும் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். 'ஸோ வீ ஆர் நாட் டிஸ்கஸிங் திஸ் டுமாரோ, ரைட்?' அவ்வளவுதான். கிளியரிங் ஆபீசில் டெலக்ஸ் காலத்திலிருந்து நாங்கள் செய்தது இதைத்தான். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் யாரும் இதைக் குறைவாக நினைப்பதில்லை.

கேள்வி: 'டூ த நீட்ஃபுல்' தப்பா?
- வாசகர், மூலக்கடை

தப்பில்லை. 'தேவையானதைச் செய்யுங்கள்' என்று ஒரு காலத்தில் பிரிட்டனிலும் எழுதியதுதான். அங்கே வழக்கு குறைந்தது, இங்கே தாசில்தார் ஆபீஸ் மனுவில் நிலைத்துவிட்டது. உள்ளூரில் எழுதுங்கள். வெளிநாட்டுக்காரருக்கு எழுதினால் என்ன செய்யவேண்டும் என்பதையே நேராகச் சொல்லிவிடுங்கள். 'நீட்ஃபுல்' எது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நிஜமாகவே வம்பில் மாட்டிவிடுவது 'பாஸ்ட் அவுட்'. 'ஐ பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ்' என்றால் நமக்குப் படித்து முடித்தேன். வெளியூர்க் காதுக்கு மயங்கி விழுந்தேன்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. தினம் ஐந்து மரபுத்தொடர் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். அழுகிறாள்.
- வாசகர், கொருக்குப்பேட்டை

விட்டுவிடுங்கள் சார். கதைப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: மரபுத்தொடர்கள் பரவாயில்லை. 'புட் ஆஃப்', 'புட் அப்', 'புட் அவுட்' போன்றவைதான் உயிரை எடுக்கின்றன. அப்பா லோகோ ஒர்க்ஸில் இருந்தவர், 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்பது இன்ஜினில் நீராவியை வெளியே விடுவது என்பார். ஆனால் அலுவலகத்தில் வேறு மாதிரி சொல்கிறார்களே?
- வாசகர், அகரம்

அப்பா சொன்னதுதான் மூலம். கொதிகலனில் அழுத்தம் ஏறினால் வால்வு வழியே ஆவியை விடவில்லை என்றால் வெடிக்கும். அலுவலகத்தில் சொல்வது, மனசுக்குள் ஏறிய கோபத்தைக் கத்தியோ ஓடியோ விளையாடியோ வெளியே விடுவது. இன்ஜின் போய்விட்டது, சொல் மட்டும் பேச்சில் நிலைத்துவிட்டது.

நீங்கள் கேட்டது இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. பூனை நாய் மழை தெரியாமல் ஆயுள் முழுக்க ஓட்டிவிடலாம். 'புட் அப் வித்' தெரியாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. 'புட் ஆஃப்' தள்ளிப்போடுவது, மனசு வெறுத்துப்போகச் செய்வது இரண்டுக்கும் வரும். 'புட் அவுட்' நெருப்பை அணைப்பது. 'புட் அப் வித்' சகித்துக்கொள்வது. 'புட் மீ அப்' என்றால் என்னை அவர் வீட்டில் தங்கவைத்தார். 'புட் மீ டவுன்' என்றால் மட்டம் தட்டினார்.

அநியாயமாக இருக்கிறதே என்று பல்லைக் கடிக்காதீர்கள். தட்டிக்கேள், தட்டிக்கொடு, தட்டிக்கழி, தட்டிப்பறி என்று நாம் வைத்திருக்கிறோமே, தமிழ் படிக்க வருகிற வெள்ளைக்காரர் எங்கே போய் முட்டிக்கொள்வார்? அவருக்கு நாம் 'தட்டு' என்ற தலைப்பில் பட்டியல் போட்டுக்கொடுத்தால் குழம்பிச் செத்துப்போவார். அதே காரணத்துக்காக 'புட்' என்று தலைப்புப் போட்டு ஒரே நாளில் பத்தைப் படிக்காதீர்கள். 'புட் அவுட்' படிக்கிற அன்றைக்கு நெருப்பு சம்பந்தமான மற்றவற்றைப் படியுங்கள். 'புட் மீ அப்' படிக்கிற அன்றைக்கு விருந்தாளி, ஊர்ப் பயணம்.

'இட்' போன்ற சுட்டுச்சொல் வந்தால் இவற்றில் பலவற்றில் அது நடுவில் உட்கார வேண்டும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு. ஆனால் 'லுக் ஆஃப்டர் இட்' தான், 'லுக் இட் ஆஃப்டர்' கிடையாது. 'புட் இட் ஆஃப்' என்று சொல்லும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழவேண்டும். நம்மவர்கள் 'புட்'டை அழுத்திவிட்டு 'ஆஃப்'பை முழுங்குகிறார்கள். கேட்கிறவருக்கு எதை எங்கே வைத்தோம் என்று குழப்பம்.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் நடுவில் ஒரு வரி இங்கிலீஷ் பேசினால் 'பீட்டர் விடாதடா' என்று கலாய்க்கிறார்கள். எங்கே போய்ப் பழகுவது?
- வாசகர், தண்டையார்பேட்டை

டீக்கடையில் பேசினால் கலாய்க்கத்தான் செய்வார்கள். நாலு பேரும் தமிழ் பேசுகிற இடத்தில் ஒருவன் மட்டும் இங்கிலீஷில் இறங்கினால் எனக்கே சிரிப்பு வரும். அதற்கென்று தனி நேரம் வையுங்கள். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம், இரண்டே பேர் போதும். ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்து, அதில் வருகிற தொடர் ஒன்றை எடுத்து இதை யாரிடம் சொல்வாய், யாரிடம் சொல்லமாட்டாய் என்று விவாதியுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் 'த இங்கிலீஷ் வீ ஸ்பீக்' என்று மூன்று நிமிட நிகழ்ச்சி வருகிறது. ஒரு தொடரை இரண்டு பேர் பேசிக்காட்டுவார்கள். பஸ்சில் போகும்போது கேட்கலாம். கிரிக்கெட் பார்க்கிறவர் என்றால் வர்ணனையை வாரத்துக்கு ஒரு முறையாவது ஆங்கிலத்தில் வையுங்கள்.

கூட்டாளிக்கு வெளியே தேடாதீர்கள். உங்களை அதிகமாகக் கலாய்க்கிற அந்த நண்பனையே சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கே சீன் போடுகிறீர்கள், எங்கே இயல்பாகப் பேசுகிறீர்கள் என்பது அவன் காதுக்குத்தான் முதலில் தெரிகிறது.